தேடியும் காணாத இடங்களையும் அறிவிக்க வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்மீன்களின் எச்சங்கள் மோதும்போது வெளியில் பரவும் நுண்ணிய அதிர்வுகளான ஈர்ப்பு அலைகள் குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். லைகோ, விர்கோ, காக்ரா ஆகிய ஆய்வகங்கள் எவ்வளவு நுண்ணிய அதிர்வை அளக்கின்றன என்பதையும், அவை உணரும் மோதல்களின் ஒளியைத் தேடித் தொலைநோக்கிகள் திரும்புவதையும் கட்டுரையாளர் தெளிவாக எடுத்துரைத்திருந்தார். ஆனால், அலை பதிவாகும் கணத்துக்கும் ஏதோ ஒரு தொலைநோக்கி வானத்தின் சரியான மூலையைப் படம்பிடிக்கும் கணத்துக்கும் நடுவே நடப்பதை, வானியலாளர்களுக்குத் தகவல் அனுப்பப்பட்டது என்ற அளவில் அவர் முடித்துக்கொண்டார். அத்தகைய தேடல்களை ஒருங்கிணைக்கும் மென்பொருள்களோடு நாள்தோறும் பழகிவருபவன் என்ற முறையில், கண்டுபிடிப்பு கைகூடுவதும் கைநழுவுவதும் அந்த இடைவெளியில்தான் என்பதையும், அங்கே இன்னும் சரிசெய்யப்படாத ஒரு குறை இருக்கிறது என்பதையும் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொலைநோக்கி எங்கே பார்த்தது, எவ்வளவு மங்கலான பொருள்வரை பார்த்தது, அங்கே புதிதாக எதையும் காணவில்லை என்ற செய்தி ஆகியவற்றை உடனுக்குடன், கணினி படிக்கக்கூடிய வடிவில், எல்லோரும் அறியும்படி பதிவு செய்வது இன்னும் பொதுக் கடமையாகவில்லை. அதற்கான மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதுதான் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

2017 ஆகஸ்ட் 17 அன்று, உலக நேரப்படி பகல் 12 மணி 41 நிமிடத்துக்கு, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்துச் சிதறிய பெரிய விண்மீன்களின் மிக அடர்த்தியான எச்சங்கள்) மோதி இணைந்ததன் அலை பூமியை வந்தடைந்தது. 1.7 நொடிகள் கழித்து ஃபெர்மி விண்கலம் ஒரு குறுகிய காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. அமெரிக்காவில் லைகோவுக்கு உள்ள இரண்டு கருவிகளில் லிவிங்ஸ்டனில் இருக்கும் ஒன்றின் தரவில் அதே வேளையில் ஒரு இரைச்சல் குறுக்கிட்டதால், அதை நீக்கி, இத்தாலியில் உள்ள விர்கோவின் தரவையும் சேர்த்து, சுமார் 31 சதுர டிகிரிக்குள் இடத்தைச் சுருக்கிக் காட்டும் வான் வரைபடத்தை வெளியிட ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 31 சதுர டிகிரி என்பது ஏறத்தாழ 150 முழு நிலவுகளை அடுக்கி வைத்த பரப்பு. சிலியில் இருள் சூழ்ந்ததும், லாஸ் கம்பானாஸில் உள்ள 1 மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கி, அந்தப் பரப்புக்குள் தகுந்த தொலைவில் இருக்கும் விண்மீன் திரள்களை வரிசைப்படுத்திய ஒரு பட்டியலைப் பின்பற்றி ஒவ்வொன்றாகப் படம் எடுத்தது. மோதல் நடந்து ஏறத்தாழ 11 மணி நேரத்தில், 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள என்ஜிசி 4993 என்ற திரளில் அதுவரை இல்லாத ஒளிப்புள்ளி ஒன்று அகப்பட்டது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வேறு ஐந்து குழுக்கள், இந்தச் செய்தி தெரியாமலே, அதே ஒளிப்புள்ளியைத் தனித்தனியாகப் படம்பிடித்திருந்தன. பின்னர் 70 ஆய்வகங்கள் வரை அதில் இணைந்தன.

இந்த வெற்றியை எத்தனை முறை கொண்டாடினாலும் தகும். ஆயினும் அது நமக்கு ஒரு தவறான பாடத்தையும் கற்றுத்தந்துவிட்டதோ என்று நான் அஞ்சுகிறேன். நிகழ்வு மிக அருகில் நடந்தது. வரைபடம் சிறியதாக இருந்தது. தேடவேண்டிய திரள்களின் எண்ணிக்கையும் குறைவு. ஆகவே ஆறு குழுக்கள் ஒருவரையொருவர் அறியாமல் தேடியும் ஆறு பேருக்கும் கிடைத்தது. ஒருங்கிணைப்பு இல்லாமலே காரியம் நடந்துவிடும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேர்விட்டது.

ஈராண்டுகளுக்குள் அந்த எண்ணத்துக்குச் சோதனை வந்தது. 2019 ஏப்ரல் 25 அன்று மீண்டும் இரண்டு நியூட்ரான் விண்மீன்களின் இணைவு பதிவானது. அப்போது லைகோவின் மற்றொரு கருவியான ஹான்ஃபோர்டு கருவி இயங்கவில்லை. விர்கோவில் அலை தெளிவாகப் பதியும் அளவுக்கு வலுவாக இல்லை. நடைமுறையில் லிவிங்ஸ்டன் கருவி ஒன்றை நம்பியே திசையைக் கணிக்க வேண்டியிருந்தது. முதலில் வெளியான வரைபடம் 10,000 சதுர டிகிரியைத் தாண்டியது. அது முழு வானத்தில் கால் பங்கு. தொலைவும் முந்தைய நிகழ்வைப்போல் சுமார் நான்கு மடங்கு. நான்கு மடங்கு தொலைவில் அதே வெடிப்பு நடந்தால் அது 16 மடங்கு மங்கலாகத் தெரியும். உலகின் பல தொலைநோக்கிகள் இரவு பகலாக, அதாவது பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிமாறித் தேடியும், அந்த மோதலுக்குரிய ஒளி என்று உறுதியாகச் சொல்லத்தக்க எதுவும் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. அந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை என்பது ஒன்று. பார்த்தும் ஒளி தெரியவில்லை, ஆகவே அது குறிப்பிட்ட அளவைவிட மங்கலாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதிலிருந்து இயற்பியல் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. இரண்டாவதிலிருந்து நிறையக் கற்கலாம்: மோதலில் எவ்வளவு பொருள் வெளியே வீசப்பட்டிருக்கக் கூடும், இணைந்த உடல் உடனே கருந்துளையாகச் சரிந்ததா, தங்கம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய மோதல்களில் எந்த அளவுக்கு உருவாகின்றன என்பவற்றுக்கெல்லாம் அது ஓர் எல்லையை வகுத்துத் தரும். எந்தப் பொருளில் கிடைக்கவில்லை என்பதைப் பிரித்தறிய ஒரே வழி, எல்லாத் தொலைநோக்கிகளும் எங்கெங்கே பார்த்தன என்ற முழுக் கணக்கு.

அந்தக் கணக்கு அப்போது சிதறிக் கிடந்தது. ஜிசிஎன் எனப்படும் நாசாவின் அறிவிப்பு வலையமைப்பில் வெளியாகும் சுற்றறிக்கைகளில், ஒவ்வொரு குழுவும் தான் பார்த்ததை உரைநடையில் எழுதிவந்தது. ஒரு குழு ஒவ்வொரு படத்தின் மைய ஆயங்களையும் (வானில் இடத்தைக் குறிக்கும் எண்கள்) அட்டவணையாகத் தரும். இன்னொன்று வரைபடத்தில் இத்தனை விழுக்காட்டைப் பார்த்துவிட்டோம் என்று மட்டும் சொல்லும். வேறொன்று கேமராவின் பரப்பைக் குறிப்பிடும், படத்தின் சாய்வுக் கோணத்தை விட்டுவிடும். மனிதர் படிப்பதற்கு அவை ஏற்றவைதாம். ஆனால், அன்றிரவே அடுத்த தொலைநோக்கி எங்கே திரும்ப வேண்டும் என்று கணக்கிடும் மென்பொருளுக்கு அவற்றால் பயன் இல்லை.

இங்கே ஓர் அறிவிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஈர்ப்பு அலை ஆய்வகங்கள் இன்று அனுப்பும் முதற்கட்ட அறிவிப்பு, மனிதத் தலையீடு இல்லாமல் மிகக் குறுகிய நேரத்தில் புறப்படுகிறது. நிகழ்வு நடந்த தேதியைத் தாங்கிய ஒரு பெயர், இத்தகைய போலி அறிகுறி இரைச்சலால் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை எழக்கூடும் என்ற கணிப்பு, மோதியவை நியூட்ரான் விண்மீன்களா, கருந்துளைகளா, அல்லது வெறும் பூமியின் இரைச்சல்தானா என்பதற்கான நிகழ்தகவுகள் ஆகியவை அதில் இருக்கும். இவற்றோடு பேஸ்டார் என்ற மென்பொருள் விரைந்து கணித்த வான் வரைபடமும் வரும். வானம் முழுவதும் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிகழ்வு அங்கே நடந்திருப்பதற்கான வாய்ப்பும், அங்கே நடந்திருந்தால் எவ்வளவு தொலைவில் என்ற மதிப்பீடும் அந்த வரைபடத்தில் பொதிந்திருக்கும். சில மணி நேரத்தில் திருத்திய வரைபடம் வரலாம். அறிவிப்பே திரும்பப் பெறப்படவும் செய்யலாம். 2019 ஏப்ரலில் தொடங்கிய மூன்றாம் நோக்கு காலத்தில் வெளியான 80 அறிவிப்புகளில் 24 திரும்பப் பெறப்பட்டன. அறிவிப்பு வந்த அன்றே அதைக் கண்டுபிடிப்பு என்று தலைப்பிடும் நாளிதழ்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

வரைபடம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு தொலைநோக்கியின் திட்டமிடல் மென்பொருளும் தன் வேலையைத் தொடங்குகிறது. ஜிடபிள்யூஎம்ஆப்ட், டைல்பை போன்றவை, குறிப்பிட்ட கேமராவின் பார்வைப் பரப்பைக் கொண்டு வரைபடத்தை ஓடு வேய்வதுபோல் மூடி, எந்தப் பகுதி முதலில் அடிவானத்தில் மறையும், நிலவு எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் ஒளியைச் சேர்த்தால் எதிர்பார்க்கும் மங்கலை எட்டலாம் என்று கணக்கிட்டு ஒரு வரிசையைத் தருகின்றன. ஒவ்வொன்றும் தனக்கு நேர்மையாகச் செய்யும் இந்தக் கணக்கில்தான் சிக்கல் பிறக்கிறது. எல்லா மென்பொருளும் ஒரே வரைபடத்தைப் படிக்கின்றன; எல்லாவற்றுக்கும் மிக அதிக நிகழ்தகவுள்ள கட்டமே முதலிடம். அருகருகே உள்ள இரண்டு மலைகளில் நிற்கும் இரண்டு தொலைநோக்கிகள், ஒரே கால் மணி நேரத்தில், ஒரே நிற வடிகட்டியோடு, ஒரே இடத்தைப் படம்பிடிக்கும். நிகழ்தகவு சற்றுக் குறைந்த பெரும் பரப்புகளை விடியும்வரை எவரும் தொடமாட்டார்கள். ஒரே இடத்தைச் சில மணி நேர இடைவெளியில் மீண்டும் பார்ப்பது தேவைதான், ஏனென்றால் புதிய ஒளி மங்குகிறதா, சிவக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஆனால் அது தெரிந்து, திட்டமிட்டுச் செய்யப்பட வேண்டிய காரியம்.

இதற்கு விடையாகத்தான் 2020-இல் ட்ரெஷர் மேப் என்ற பொது வலைத்தளம் உருவாக்கப்பட்டது. அதில் ஒரு படத்துக்கு ஒரு பதிவு: எந்த நிகழ்வுக்காக, எந்தக் கருவி, வானத்தில் எந்த ஆயங்கள், கேமரா எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தது, எந்த நிற வடிகட்டி, எவ்வளவு மங்கலான பொருள்வரை தெரியும், எந்த நேரத்தில், திட்டமிட்டதா அல்லது எடுத்து முடித்ததா. இவ்வளவுதான். தொலைநோக்கியின் கட்டுப்பாட்டு மென்பொருளே ஒரு சிறு நிரல் வழியாக இதை அனுப்பிவிடலாம். கண்விழித்துக் கொண்டிருக்கும் ஆய்வாளர் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. இன்னொரு குழுவின் மென்பொருள் அதே வழியில் அதைப் படித்து, ஏற்கெனவே மூடப்பட்ட கட்டங்களைத் தன் வரிசையில் பின்னுக்குத் தள்ளிவிடலாம். மங்கல் எல்லை என்ற ஒரே ஒரு புலத்தை நிரப்பாமல் விட்டால், மற்ற எல்லாப் புலங்களும் சரியாக இருந்தும் அந்தப் பதிவிலிருந்து இயற்பியல் எதையும் பெற முடியாது என்பதைப் பயன்படுத்துவோர் உணர வேண்டும். மேகம் மறைத்த இரவில் எடுத்த படமும் தெளிந்த இரவில் எடுத்த படமும் அந்தப் புலம் இல்லாவிட்டால் ஒன்றாகிவிடும்.

இதற்கு எழும் எதிர்வாதம் எனக்குத் தெரியும். கண்டுபிடிப்புக்கான போட்டி கடுமையானது. எங்கே பார்க்கிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் பிறர் முந்திக்கொள்வார்கள் என்று பல குழுக்கள் கருதுகின்றன. உழைப்புக்குரிய பெயர் உழைத்தவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கே பார்த்தோம் என்று சொல்வது வேறு, எதைக் கண்டோம் என்று சொல்வது வேறு. புதிய ஒளிப்புள்ளியை முதலில் கண்டவர் யார் என்பது, பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் சார்பில் பெயர் சூட்டும் டிரான்சியன்ட் நேம் சர்வரில் அறிக்கை பதிவான நேரத்தைக் கொண்டு தெரிந்துவிடும். பார்த்த இடங்களின் பதிவுக்கும், ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டத்தக்க நிரந்தர அடையாள எண்ணைப் பெற்றுக்கொள்ளும் வசதி ட்ரெஷர் மேப்பில் உண்டு. ஈர்ப்பு அலை ஆய்வகங்களே ஒரு காலத்தில் ஒப்பந்தம் செய்துகொண்ட குழுக்களுக்கு மட்டும் அறிவிப்பு அனுப்பிவந்தன. 2019 ஏப்ரல் முதல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டன. மூலத்தகவலைப் பொதுவாகப் பெற்றுக்கொண்டு, தேடலின் கணக்கை மட்டும் தனியுடைமையாக வைத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தகவல்கள் ஓரிடத்தில் சேராததால் வரும் இழப்பு ஈர்ப்பு அலைகளோடு நின்றுவிடுவதில்லை. 2022 அக்டோபர் 9 அன்று, இதுவரை பதிவானவற்றுள் மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பை ஃபெர்மி விண்கலம் உணர்ந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து ஸ்விஃப்ட் விண்கலம் ஒரு புதிய எக்ஸ் கதிர் மூலத்தைக் கண்டது. திசை நம் பால்வீதியின் தளத்துக்கு அருகில் இருந்ததால், முதலில் அது நம் திரளுக்குள்ளேயே இருக்கும் ஒரு பொருளாகக் கருதப்பட்டது. இரண்டும் ஒன்றே என்று பின்னர்தான் தெளிந்தது. வேகமாக மங்கும் நிகழ்வுகளில் அத்தகைய முதல் மணி நேரங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

இதற்கு நேர்மாறான, மனத்துக்கு நிறைவு தரும் எடுத்துக்காட்டும் ஸ்விஃப்ட் விண்கலத்திலிருந்தே கிடைக்கிறது. அதன் காமா கதிர் கருவி சேர்க்கும் ஒவ்வொரு ஒளித்துகளின் தரவும் தற்காலிக நினைவகத்தில் சிறிது நேரம் இருந்து, புதிய தரவால் அழிக்கப்பட்டுவிடும். எல்லாவற்றையும் பூமிக்கு அனுப்ப வசதி இல்லை. குவானோ என்ற மென்பொருள், வேறோர் ஆய்வகத்தின் அறிவிப்பு வந்தவுடனே, அந்த நேரத்துத் தரவை அழிக்காமல் காத்து அனுப்பும்படி விண்கலத்துக்குத் தானாகவே கட்டளை அனுப்புகிறது. நடுவில் எந்த மனிதரும் இல்லை. அழிந்துபோயிருக்க வேண்டிய தரவு இப்படிக் காப்பாற்றப்படுவதைப் பார்க்கும்போது, சில ஆயிரம் வரி நிரல் ஒரு புதிய கருவிக்கு ஈடாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும் தானியங்கியிடம் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 18 அன்று வந்த ஓர் ஈர்ப்பு அலை அறிவிப்பைத் தொடர்ந்து, அமெரிக்காவின் பாலோமரில் வானைத் தொடர்ந்து படம்பிடித்துவரும் இசட்டிஎஃப் கேமரா அந்தப் பகுதியில், விரைவாக மங்கிச் சிவந்துகொண்டிருந்த ஒரு ஒளிப்புள்ளியைக் கண்டது. முதல் சில நாள்களில் அது 2017-இன் நிகழ்வைப் பெரிதும் ஒத்திருந்ததால் உலகின் பெரிய தொலைநோக்கிகள் பலவும் அதன்மீது திரும்பின. பிறகு அது மீண்டும் பிரகாசமடைந்து சூப்பர்நோவாவின், அதாவது பெரிய விண்மீன் வெடிப்பின், தன்மைகளைக் காட்டியது. அலையோடு தொடர்பில்லாத சூப்பர்நோவாதானா, அல்லது சூப்பர்நோவாவும் மோதலும் சேர்ந்த அரிய நிகழ்வா என்ற விவாதம் அதைத் தொடர்ந்து எழுந்தது. ஸ்கைபோர்ட்டல், டாம் டூல்கிட் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் ஒரு புள்ளியைப் பற்றிய படங்கள், நிறமாலைகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவுகள்), கருத்துகள் அனைத்தையும் ஒரே பக்கத்தில் திரட்டித் தருவதால்தான், இத்தகைய தருணங்களில் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றாக அமர்ந்து தீர்ப்பு சொல்ல முடிகிறது. தீர்ப்பு மனிதருடையது, அதற்கு வேண்டிய சான்றுகளை உரிய நேரத்தில் முன்வைப்பது மென்பொருளின் பொறுப்பு.

இனிவரும் ஆண்டுகளில் இந்தப் பொறுப்பு பல மடங்கு கூடும். சிலியில் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம், 8.4 மீட்டர் ஆடியும் 3,200 மெகாபிக்சல் கேமராவும் கொண்டது. வானில் மாறியவை, நகர்ந்தவை பற்றி ஓர் இரவில் 1 கோடி வரை அறிவிப்புகளைத் தரும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஃபிங்க், ஆன்டாரஸ் போன்ற இடைநிலை மென்பொருள்கள் அந்த வெள்ளத்தை வடிகட்டினாலும், நிறமாலை எடுக்கும் தொலைநோக்கிகளின் நேரம் அதற்கேற்பப் பெருகப்போவதில்லை. இரண்டு குழுக்கள் ஒரே சாதாரண சூப்பர்நோவாவின் நிறமாலையை ஒரே இரவில் எடுத்து வீணடிக்கும் நிலையை இனியும் நாம் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஜிசிஎன் வலையமைப்பு 1990-களிலிருந்து இடையறாமல் இயங்குவதற்குக் காரணம், ஒரு நிலையான நிறுவனம் அதைத் தன் பணியாக ஏற்றுக்கொண்டதுதான். மற்ற மென்பொருள்களில் பல, ஆராய்ச்சி மாணவர்களும் முனைவர் பட்டம் முடித்த இளைஞர்களும் குறுகிய கால நிதியில் எழுதியவை. எழுதியவர் வேறு பணிக்குச் சென்றபின், அறிவிப்பின் வடிவம் மாறும்போது நிரலைத் திருத்த ஆள் இருப்பதில்லை. ஓர் இரவு அறிவிப்பு வரும், மென்பொருள் அதைப் படிக்க முடியாமல் நின்றுபோகும். ஒரு தொலைநோக்கியின் ஆடியைப் பராமரிக்க ஆண்டுதோறும் நிதி ஒதுக்குகிறவர்கள், அந்த ஆடி எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும் நிரலுக்கும் அதே முறையில் ஒதுக்க வேண்டும் என்பது மிகையான கோரிக்கை ஆகாது.

தொலைநோக்கி நேரத்தைப் பங்கிடும் குழுக்கள் இதில் எளிதாக ஒரு மாற்றத்தைக் கொண்டுவரலாம். எதிர்பாராத நிகழ்வுகளுக்காக மற்றவர்களின் திட்டங்களை இடைநிறுத்தி நேரம் கேட்கும் எந்தக் குழுவும், படம் எடுத்த சில மணி நேரத்துக்குள் அதன் இடம், நேரம், மங்கல் எல்லை ஆகியவற்றைப் பொதுப் பதிவில் சேர்க்க வேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாகவே வைக்கலாம். கண்ட பொருள்களின் விவரத்தை வெளியிடுவதற்கான காலத்தை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

தங்கள் நாளிதழிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை ஒரு மோதலின் ஒளி கிடைக்கவில்லை என்ற செய்தி வரும்போது, வரைபடத்தில் எத்தனை விழுக்காடு பார்க்கப்பட்டது, எவ்வளவு மங்கலான பொருள்வரை பார்க்கப்பட்டது என்று ஆய்வாளர்களிடம் கேட்டு, அந்த இரண்டு எண்களையும் செய்தியோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வானியல் மென்பொருள் பணியில் உள்ள ஒரு வாசகன்